அந்த ஐயா சொன்ன ஊர்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு மலை ஏறினா தலை சுத்தும், பள்ளத்தைப் பாத்தா இன்னும் சுத்தும். எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், வேணுமா? வேணாமா, சரி. உங்களுக்கு என்ன, தெனமும் ஏறி எறங்குற ஆளு. கோத்தகிரிதானே? நினைச்சேன். நான் பரமக்குடி. பேரு நாகநாதன். சர்க்கார் உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆகிப் பன்னெண்டு வருசம் ஆச்சு.

நான் கோத்தகிரி வரைக்கும் வரல. அதுக்கு முன்னாடி நாலாம் பாலம்னு ஒரு நிறுத்தமாம். வந்தா சொல்லுங்க. அங்க ஒரு அம்மா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. தெய்வானைன்னு பேரு. தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்த அம்மா. எனக்காகச் சோறு ஆக்கி வச்சிருக்காம். போன்ல அப்பிடித்தான் சொல்லுச்சு. அந்தச் சோறு எனக்குத் தொண்டையில எறங்குமான்னுதான் தெரியல.

அந்தத் தொடர் பாத்தீங்களா தம்பி? டிவியில, ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு. சிலோன்ல இருந்து கப்பல்ல திரும்பி வந்த தோட்டத்துச் சனங்க கதை. எட்டு வாரம். பாத்தீங்களா! எல்லாரும் பாத்திருக்காங்க. எங்க தெருவுல மாவு மில்லுக்காரன் கூட ஞாயித்துக்கெழமை மில்லைச் சாத்திட்டுப் பாத்தான். நல்லாத்தான் எடுத்திருந்தாங்க. ஆனா ஒரு இடத்துல தப்பா எடுத்துட்டாங்க. என்னைத் தப்பாக் காட்டிட்டாங்க. ஆமா, என்னைத்தான். அதைச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன்.

இதுல என்ன கூத்துன்னா, அந்தத் தொடரை எடுக்கச் சொன்னதே நான்தான். சிரிக்காதீங்க. டிவிக்காரங்களுக்கு எத்தனை லெட்டர் போட்டிருப்பேன் தெரியுமா? வாரா வாரம் ஒரு ராசா வர்றான், வாளைச் சொழட்டுறான், ராணி மயங்கி விழுறா, தொடரும்னு போட்டுடுறான். ஒரு ராசா சாகுறதுக்குப் பத்து வாரம் எடுத்துக்கிடுறான்யா! லட்சக்கணக்குல சனம் பொட்டியும் படுக்கையுமாக் கடல் தாண்டி வந்து எறங்குச்சே, பாட்டன் பூட்டன் காலத்துல போன சனம், இந்தா உங்க ஊருன்னு ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்புன சனம், அதுக்கு ஒரு வாரம் கிடையாதா? இதுதான்யா எடுக்க வேண்டிய கதைன்னு எழுதுவேன். உண்மைக் கதை, கண்ணால பாத்தவன் நான் இருக்கேன், உயிரோட இருக்கையிலேயே வந்து கேட்டுக்கிடுங்கன்னு எழுதுவேன். என் மக சுகந்தி, டீச்சரா இருக்கா, ‘ஏம்ப்பா உங்களுக்கு இந்த வேலை’ன்னு திட்டுவா.

கடைசியில ஒரு பொண்ணு வந்துச்சு, ஒரு கேமராக்காரப் பையனைக் கூட்டிக்கிட்டு. மூணு மணி நேரம் பேசினேன். சுகந்தி மூணு தடவை காப்பி போட்டா.

என்னெல்லாம் சொன்னேன்! கேளுங்க. அந்தச் சனம் வந்து தங்குற முகாம்ல நான் கிளார்க்கா வேலை பாத்தது எழுபத்து மூணுல. எந்த முகாம்னு பேரெல்லாம் வேணாம், பஸ்ல நாலு பேர் இருக்காங்க. கடற்கரை ஓரம், வெறும் மணல். சித்திரை வெயில்ல கப்பல் வரும். எறங்குற சனம் பூராம் ஸ்வெட்டர் போட்டிருக்கும் தம்பி! குளுரு மலையில இருந்து வர்றவங்க, இருக்கிற ஒரே நல்ல துணி அதுதான், கப்பல் ஏறுறோம்னு போட்டுக்கிட்டு வந்துருக்காங்க. எங்க ராமநாதபுரத்து வெயில்ல, கம்பளி ஸ்வெட்டர்ல, வேர்த்து ஒழுக வரிசையில நிப்பாங்க. சின்னப் பிள்ளைக ‘இங்க மலை எங்க’ன்னு கேக்கும். ஒருத்தன் தையல் மிசினைத் தலையில வச்சிருப்பான். ஒருத்தி சேவலைக் கக்கத்துல இடுக்கியிருப்பா. அந்தப் பொண்ணு இதையெல்லாம் எழுதி எழுதிக் கை வலிச்சுப் போச்சு. ஸ்வெட்டரை அப்படியே எடுத்திருந்தாங்க, மொத வாரத்துலேயே. அது நான் சொன்னது.

அப்புறம் அவங்க எங்களைத் ‘தொர’ன்னுதான் கூப்பிடுவாங்க. முழுக்கால் சட்டை போட்ட எவனும் அவங்களுக்குத் தொரதான். எனக்கு அப்ப இருபத்து நாலு வயசு. வேலைக்குச் சேந்து ஏழு மாசம். எங்க வீட்டுல என்னை ‘ஏலே’ன்னுதான் கூப்பிடுவாங்க. இங்க எங்கப்பா வயசுக்காரன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டு ‘தொர, சலாம் தொர’ங்கிறான். அதெல்லாம் நாம கேட்டு வாங்குறதில்லை. ஆனா கேட்டுப் பழகிட்டா, ஒருத்தன் சொல்லலேன்னா சுருக்குன்னுதான் இருக்கும். மனுசப் புத்தி.

என்ன சொன்னீங்க? உங்க தாத்தாவும் அப்படி வந்தவரா? பாத்தீங்களா, உங்க மூஞ்சியைப் பாத்ததுமே எனக்குத் தோணுச்சு. எந்த வருசம் வந்தாரு? எழுபத்தஞ்சா? நல்லவேளை. நான் அதுக்குள்ள மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டேன்.

ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

எங்க வேலை என்னன்னா, ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டை. பாஸ்போர்ட்டுல யார் யார் பேர் இருக்கோ அவங்கதான் ஒரு குடும்பம். அந்த அட்டையில எந்த ஊருன்னு எழுதுறோமோ அந்த ஊருக்கு லாரி ஏத்துவாங்க. தேயிலைன்னா இந்த நீலகிரி. ரப்பர்னா கர்நாடகா. நூல் மில்லுக்குக் கொஞ்சம் பேர். சொன்னா ரெண்டு வரிதான். ஆனா தோட்டத்துச் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, அதுதான் எங்க உசிரை எடுக்கும். அங்க லயம்னு வரிசையா ஒட்டு வீடு. ஒரு லயத்துல ஒருத்தி செத்தா பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயி தன் பிள்ளையோட பிள்ளையா வளத்துடுவா. யாருகிட்டயும் கேக்குறதும் கிடையாது, காகிதத்துல ஏத்துறதும் கிடையாது. இங்க வந்து நின்னா, அட்டைக்கு ஒரு பிள்ளை கூடுதலா இருக்கும். இல்லாட்டி ஒரு பிள்ளை தனியா ஒரு பாஸ்போர்ட்டோட நிக்கும்.

என் பக்கத்து மேசையில ஞானதிரவியம்னு ஒருத்தன். நாசரேத்துக்காரன். அவன் என்ன பண்ணுவான், எந்தப் பிள்ளை வந்தாலும் ‘தங்கச்சி மக’ன்னு ஒரு வரி எழுதி அட்டையில சேத்துடுவான். பையனா இருந்தா ‘தங்கச்சி மகன்’. தாசில்தார் கேக்க மாட்டார், கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவார். ஞானதிரவியம் எழுதினதையெல்லாம் எடுத்துப் பாத்தா ஒவ்வொருத்தனுக்கும் முப்பது நாப்பது தங்கச்சி இருந்திருக்கணும்! நான் அப்படி இல்ல. என் ஃபைல்ல ஒரு பொய் கிடையாது. முப்பத்தஞ்சு வருசம் சர்வீஸ் தம்பி, ஒரு மெமோ வாங்கினதில்ல, யார்கிட்டயும் கை நீட்டி ஒரு டீ குடிச்சதில்ல. இன்னைக்கும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவேன்.

எலுமிச்சம்பழம் இருக்கட்டும், கையிலேயே வச்சிக்கிடுறேன். இதுதான் மொத வளைவா? அட கடவுளே.

இந்தத் தெய்வானை வந்தப்ப அதுக்கு ஒம்பது வயசு. தம்பி ஒருத்தன், சந்தனம். நாலு வயசு. இடுப்பை விட்டு எறங்க மாட்டான். அவனுக்கு இடது புருவத்துல குறுக்க ஒரு வெட்டுத் தழும்பு, தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தி பட்டது. அவன் பொறந்தப்பவே அம்மாக்காரி செத்துட்டா. பக்கத்து வீட்டு அங்கம்மாதான் பால் குடுத்திருக்கா. பால் குடுத்தவ பாஸ்போர்ட்டுலேயே அவன் பேரைச் சேத்துட்டாங்க. பொம்பளைப் பிள்ளை மட்டும் அப்பன் பாஸ்போர்ட்டுல. அப்பன் தலைமன்னார்ல கப்பலுக்குக் காத்துக் கெடக்கையில காய்ச்சல்ல போயிட்டான். அங்கம்மாவும் அவ புருசன் வெள்ளையனும் ரெண்டையும் கூட்டிக்கிட்டு வந்து எறங்குறாங்க. காகிதத்துல பாத்தா, பையன் வெள்ளையனோட மகன். அந்தப் பொண்ணு யாரு? யாரும் இல்ல. ஒத்தை ஆளா ஒரு குடும்பம். ஒம்பது வயசுக் குடும்பத் தலைவி.

விதி என்ன? ஆதரவில்லாத பிள்ளைன்னா விடுதிக்கு அனுப்பணும். வடக்க ஒரு விடுதி இருந்துச்சு. நான் விதிப்படி எழுதினேன். வெள்ளையன் குடும்பம் ஒரு லாரி. இது ஒரு ஜீப்பு. அவ்வளவுதான். ‘பின்னாடியே அனுப்பி வைப்போம், நீ போ’ன்னு அங்கம்மாகிட்டச் சொன்னேன். இல்லாட்டி அவ லாரி ஏற மாட்டாளே. அந்தப் பையனை அக்கா இடுப்புல இருந்து ரெண்டு பேர் சேந்துதான் பிரிச்சாங்க. அக்கா சட்டையைப் பிடிச்ச பிடியில தோள்பட்டை கிழிஞ்சு போச்சு. லாரி போனப்புறம் அது அழுதுக்கிட்டே வந்து என் மேசையைப் பிடிச்சிக்கிட்டு நின்னுச்சு. ‘எங்க போறாங்க, எந்த ஊருக்குப் போறாங்க’ன்னு அதையேதான் கேட்டுச்சு. நான் ஊரைச் சொன்னேன். எந்திரிச்சுப் போயி ஒரு பன்னு வாங்கிக் குடுத்தேன். என் கைக்காசுல. இது முக்கியம், மறந்துடாதீங்க.

சரி. அஞ்சாவது வாரம் இந்தக் காட்சி வருது தம்பி. தெய்வானையை அந்த டிவிப் பொண்ணு இங்க மலையில கண்டுபிடிச்சுப் பேச வச்சிருக்கு. என் வேசத்துல வந்த ஆளு முகத்தையே காட்டல. ஒரு மேசை, ஒரு கை. கையில பேனா. கை எழுதுது. அப்புறம் அதே கை ஒரு பன்னை நீட்டுது. விரல்ல பெரிய மோதிரம் வேற, நான் மோதிரம் போட்டதே கிடையாது. பின்னாடி அந்த அம்மா குரல்: ‘அந்த ஐயா மேல தப்பு இல்லங்க. சட்டம் அப்படி, அவர் என்ன செய்வாரு. எனக்குப் பன்னு வாங்கிக் குடுத்தாரு. அவர் நல்லா இருக்கணும்.’

சுகந்தி கண்ணைத் தொடச்சிக்கிட்டா. ‘எவ்வளவு நல்ல மனுசன்ப்பா’ன்னா.

நான் சும்மா இருந்திருக்கலாம்ல? இருந்தேனா? ‘அது நான்தாம்மா’ன்னுட்டேன். வாய்! சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கிட்டேன். அவ எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா தம்பி. வளந்த மக, ஸ்கூல் டீச்சர். தெரு பூராம் சொல்லிட்டா. மாவு மில்லுக்காரன் வந்து சால்வை போட்டான். அவ பள்ளிக்கூடத்துல கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னாடி பேசச் சொன்னாங்க. மனிதாபிமானம்னு தலைப்பு. போயிப் பேசினேன். கைதட்டினாங்க. அந்த ஒரு வாரம் நான் தரையில நடக்கல.

அடுத்த ஞாயித்துக்கெழமையும் நடுக்கூடத்துல சேர் போட்டு உக்காந்திருக்கேன். தெருச்சனம் பத்துப் பேர் வந்திருக்கு, ‘ஐயா இந்த வாரமும் வருவீங்களா’ன்னு. தெய்வானைதான் பேசுது. விடுதியில பதினெட்டு வயசு வரைக்கும் இருந்திருக்கு. வெளிய விட்ட அன்னைக்கே இங்க வந்துடுச்சு. கொழுந்து பறிக்கிற வேலை. எதுக்கு வந்துச்சு? அது சொல்லுது: ‘அந்த ஐயா நீலகிரின்னு சொன்னாருங்க. என் தம்பி இந்த மலையிலதான் இருக்கான். முப்பத்தேழு வருசமாத் தேடுறேன். எஸ்டேட்டுல ஒரு டிவிசன் பாக்கி இல்ல. எந்த ஊரு திருவிழான்னாலும் போயி நிப்பேன். ஆம்பளைங்க போனா இடது புருவத்தைத்தான் பாப்பேன்.’

நல்ல சம்மந்தம் வந்துச்சாம், திருப்பூர்ல. மாட்டேன்னுடுச்சாம். மலையை விட்டுப் போகாத ஆளாப் பாத்துக் கட்டிக்கிச்சாம். மகன் கோயமுத்தூர்ல வேலையா இருக்கான், வாம்மா வாம்மான்னு கூப்பிடுறான். போக மாட்டேங்குது. ‘நான் எறங்கிப் போயிட்டா, தம்பி வந்தா எங்க தேடுவான்’னு கேக்குது.

சுகந்தி என்னைத் திரும்பிப் பாத்தா. ‘நீங்களாவது ஊரைச் சொன்னீங்களேப்பா’ன்னா.

தம்பி, அவங்க நீலகிரிக்கு வரல.

வெள்ளையன் குடும்பத்துக்கு நான் அட்டையில எழுதினது ரப்பர். கர்நாடகாவுல சுள்ளியா. மங்களூருக்கு இங்கிட்டு. அந்த வாரம் ரப்பருக்கு ஒரே ஒரு லாரிதான் போச்சு, அதுல ஏத்தினோம். அந்தப் பையன் இந்த மலையில கால் வச்சதே கிடையாது. இங்க எந்தப் புருவத்தைப் பாத்தாலும் அவன் இருக்க மாட்டான்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? பொய்யின்னு நெனச்சுச் சொல்லல. வந்த சனத்துல முக்காவாசி நீலகிரிதான். ஒரு நாளைக்கு நூறு பேரு எந்த ஊரு எந்த ஊருன்னு கேப்பாங்க, வாய்க்குப் பழகின ஊரு அது. அந்தப் பொண்ணு வேற மேசையைப் பிடிச்சிக்கிட்டு அழுகுது, பின்னாடி வரிசை நீளுது, வெயிலு. சுள்ளியான்னு சொன்னா அது எங்க இருக்குன்னு கேக்கும். கர்நாடகான்னா என்னன்னு கேக்கும். ஒம்பது வயசுப் பிள்ளை, விடுதியில போயி மறந்துடும்னு நெனச்சேன். எல்லாப் பிள்ளையும் மறந்துடும்ல? ‘நீலகிரி, மலை மேல, தேயிலை இருக்கும், உங்க ஊரு மாதிரியே இருக்கும்’னு சொன்னேன். அழுகை நின்னுச்சு. பன்னைத் தின்னுச்சு. நல்லதுதானே பண்ணியிருக்கோம்னு நான் அன்னைக்கு நிம்மதியாச் சாப்பிட்டுப் படுத்தேன்.

அது மறக்கலையே தம்பி. நான்ல மறந்துட்டேன்.

டிவியை நிப்பாட்டச் சொல்லிட்டு உள்ள போயிட்டேன். ‘அப்பாவுக்கு மனசு தாங்கல, விடுங்க’ன்னு சுகந்தி எல்லாரையும் அனுப்பி வச்சா. ரெண்டு நாள் கழிச்சு ஞானதிரவியத்துக்குப் போன் போட்டேன். முப்பது வருசம் பேசலை அவன்கூட. ஒருவேளை எனக்குத்தான் ஞாபகம் தப்போ, நீலகிரியாவே இருந்துடக் கூடாதான்னு ஒரு நப்பாசை. ‘டேய், ஞாபகம் இருக்கா, அந்த அக்கா தம்பி’ன்னேன். யோசிக்கவே இல்லை அவன். ‘சுள்ளியாடா. நான்தானே லாரிகிட்ட நின்னேன். அந்தப் பய கையில அவ சட்டைத் துணி இருந்துச்சு. திருப்பி வாங்க முடியல, அப்படியே அனுப்பிட்டோம்’னான். அப்புறம் சொன்னான், ‘நான் அன்னைக்கே உன்கிட்டச் சொன்னேன் நாகநாதா. என்கிட்ட விடு, நான் எழுதுறேன்னு சொன்னேன்.’

சொன்னான். ஆமா, சொன்னான்.

இப்பச் சொல்லிடுறேன். உங்ககிட்ட இல்லேன்னா வேற யாருகிட்டச் சொல்லுறது, நீங்க யாரோ நான் யாரோ. அவங்க மொதல்ல என் வரிசையிலதான் நின்னாங்க. அப்ப எவனோ அங்கம்மா காதுல, ஞானதிரவியம் எழுதிக் குடுப்பாருன்னு ஓதியிருக்கான். அவ தயங்கிக்கிட்டு நிக்கிறா. இந்தப் பொண்ணு இருக்கே, தம்பியை இடுப்புல வச்சிக்கிட்டு, பளிச்சுன்னு சொல்லிடுச்சு: ‘வாங்க அத்தை, அந்த ஐயாகிட்டப் போவோம். அவருதான் நல்லவரு. இந்த ஐயா வேணாம்.’ சத்தமா. வரிசை பூராம் கேட்டுச்சு. தொரன்னு கூடச் சொல்லல, இந்த ஐயாவாம். ரெண்டு பேர் சிரிச்சிட்டாங்க. ஞானதிரவியம் நாற்காலியைத் திருப்பி என்னைப் பாத்துச் சிரிச்சான்.

‘ஏய், இங்க வா. உன் வரிசை இது’ன்னு கூப்பிட்டேன். அட்டையை வாங்கினேன். விதிப்படி எழுதினேன்.

அந்தத் தொடர்ல சட்டம் சட்டம்னு காட்டுறாங்களே, அதுதான் தப்பு. சட்டம் ஒண்ணும் இல்ல தம்பி. ரெண்டு வார்த்தை. ‘தங்கச்சி மக’. எழுதியிருந்தா நாலு பேரும் ஒரே லாரியில போயிருப்பாங்க. எனக்கு எழுதத் தெரியாதா என்ன? ஒம்பது வயசுப் பிள்ளை நாலு பேருக்கு முன்னாடி என்னை வேணாம்னு சொல்லிடுச்சு. அந்த ஆத்திரம். அவ்வளவுதான் விசயம்.

இதை சுகந்திகிட்டச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். என் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டவ. மதுரையில கண் டாக்டரைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

டிவிப் பொண்ணுகிட்ட நம்பர் வாங்கித் தெய்வானைக்குப் போன் போட்டேன். போன்லேயே சொல்லிடுவோம், ஒரே வார்த்தை, சுள்ளியா, வச்சுடுவோம்னுதான் போட்டேன். ‘நான் முகாம்ல இருந்த அந்தக் கிளார்க்கு’ன்னு ஆரம்பிச்சேன். ‘பன்னு குடுத்த ஐயாவா?’ன்னு கேட்டுச்சு. அழுகுது தம்பி. ‘எங்கப்பா செத்தப்புறம் எனக்கு மொதல்ல சோறு மாதிரி ஒண்ணு குடுத்தது நீங்கதான். நீங்க ஊரைச் சொல்லலேன்னா நான் எங்கன்னு போயிருப்பேன்? நம்பிக்கிட்டு இருக்க ஒரு ஊராவது குடுத்தீங்களே’ங்குது. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? ‘ஒரு தடவை நேர்ல பாக்கணும்மா’ன்னேன். ‘வாங்கய்யா, நான் ரோட்டுக்கே வந்து நிக்கிறேன், நாட்டுக்கோழி அடிக்கிறேன்’னுச்சு.

அந்தப் பையனுக்கு இப்ப அம்பது வயசு இருக்கும். இருந்தான்னா. அவனும் அங்க ஒரு எஸ்டேட்டுல உக்காந்துக்கிட்டு, பின்னாடியே அனுப்பி வைப்போம்னு ஒருத்தன் சொன்னானே, அக்கா வரலையேன்னு... இல்ல, நாலு வயசுல என்ன ஞாபகம் இருக்கப் போகுது. அங்கம்மா சொல்லியிருப்பா. சொல்லியிருப்பாளா?

தம்பி, ஒரு உதவி பண்ணுறீங்களா? தப்பா நெனைக்காதீங்க. இந்தத் துண்டுத் தாள்ல எழுதி வச்சிருக்கேன், பிடிங்க. சுள்ளியா, ரப்பர் தோட்டம், வெள்ளையன், அங்கம்மா, எழுபத்து மூணு சித்திரை. எல்லாம் தெளிவா இருக்கு, என் கையெழுத்து எப்பவும் முத்து முத்தா இருக்கும். நீங்க எறங்கி இதை அது கையில குடுத்துடுங்க. ‘பெரியவருக்கு உடம்புக்கு முடியல, வர முடியல’ன்னு சொல்லிடுங்க. நான் இப்படியே கோத்தகிரி வரைக்கும் போயி அடுத்த பஸ்ல மலை எறங்கிடுறேன். அதுக்கு வேண்டியது ஊருதானே? நான் எதுக்கு? அது மனசுல பன்னு குடுத்த ஐயாவாவே இருந்துட்டுப் போறேனே. அதுக்கும் நல்லது, ஒரு நல்ல நெனப்பை ஏன் கெடுக்கணும்? யாருக்கு நட்டம் சொல்லுங்க?

என்ன, தலையை ஆட்டுறீங்க. மாட்டீங்களா?

ஏன் தம்பி? உங்களுக்கு என்ன கஷ்டம் இதுல? எறங்கி ஏற ரெண்டு நிமிசம். டிக்கெட்டு நான் எடுத்துத் தாரேன். ‘இது மாதிரி எத்தனை பேருக்கு ஊரை மாத்திச் சொன்னீங்க’ன்னா? இப்ப எதுக்கு அந்தக் கேள்வி? எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு நூறு பேர் தம்பி. கேட்டவங்களுக்கெல்லாம் வாயில வந்ததைத்தான்...

உங்க தாத்தா எழுபத்தஞ்சுல வந்தவரு. அப்ப நான் அங்க இல்ல. முதல்லேயே சொன்னேன்ல.

கண்டக்டர் என்ன சொல்லுறாரு? நாலாம் பாலமா? வந்துடுச்சா? இன்னும் நேரம் இருக்குன்னு நெனச்சேனே. விசில் ஊதாதீங்க சார், இருங்க. தம்பி, ஜன்னல் வழியாப் பாருங்க, யாராவது நிக்கிறாங்களா? யாரும் இல்லேன்னா இப்படியே போயிடலாம்.

நிக்குதா? எப்படி இருக்கு? ஒல்லியா, பச்சை ஸ்வெட்டரா?

நகருங்க, நான் பாக்குறேன். ஆமா. அதுதான். டிவியில பாத்த அதே ஸ்வெட்டரு. எறங்குற ஆம்பளைங்க ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாக்குது பாருங்க. புருவத்தைப் பாக்குது. என்னைத் தேடி வந்த இடத்துலயும் அதைத்தான் பாக்குது.

என்னைப் பாத்துடுச்சு. கும்பிடுது தம்பி. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுது.

அந்தத் தாளை இங்க குடுங்க. குடுங்க, நானே குடுக்குறேன். என்ன எழுதியிருக்குன்னு அதுக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ, நான்தான் வாசிச்சுச் சொல்லணும். கொஞ்சம் காலை மடக்குங்க, எறங்கணும்.